ஓரெழுத்துக் கட்டளைகள்

தமிழில் 'வா', 'போ', 'தா' என்பன ஒவ்வோர் எழுத்தே. ஆயினும் ஒவ்வொன்றும் முழுமையான கட்டளை. ஓரெழுத்தே தனித்து நின்று பொருள் தந்தால் அதனை ஓரெழுத்து ஒருமொழி என்பர். இவை 42 என்கிறது நன்னூல். கணினியிலும் இத்தகைய கட்டளைகள் உண்டு.

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பில் ஜாய் என்பவர் 'வி.ஐ.' என்னும் உரைத்திருத்தியை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய மோடம் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே கடத்தியது. ஆகவே கட்டளைகளைச் சுருக்கினார்.

வி.ஐ.யைத் திறந்ததும் கட்டளை நிலை தோன்றும். அங்கு 'எக்ஸ்' விசை ஓரெழுத்தை நீக்கும். 'டி' விசையை இருமுறை அழுத்தினால் ஒரு வரி நீங்கும். 'யூ' விசை அதனை மீட்கும். 'ஐ' விசையை அழுத்தினால் எழுதும் நிலை வரும். 'எஸ்கேப்' விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொண்டுவரும். நிலையை மறந்தால், எழுத நினைத்த சொல்லே கட்டளையாகி உரையைச் சிதைத்துவிடும்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் இணையத்திற்கு நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. கடலடி வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு, குறுகிய வழியில் படங்கள் தயங்கி வந்தன. எழுத்துகளோ எளிதில் சென்றன. இன்றும் இணைப்பு மெலியும்போது, தொலைவிலுள்ள கணினியின் கோப்பைத் திருத்த இச்சிறு கட்டளைகள் கைகொடுக்கும்.

சொற்பொருள்
உரைத்திருத்தி – எழுத்துகளை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்
மெலிதல் – வலிமை குறைதல்

பயிற்சி
1. பில் ஜாய் கட்டளைகளைச் சுருக்கியது ஏன்?
2. ஓரெழுத்து ஒருமொழிகள் ஐந்தினைப் பொருளுடன் எழுதுக.