காடு என்னும் இரண்டாவது குதிர்

குதிரில் தானியம் இருந்தால் குடும்பத்திற்கு ஆகாரக் குறைவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். வயிறு நிறைவது வேறு. தேகம் போஷணை பெறுவது வேறு. அரிசியும் கேழ்வரகும் பசியைத் தணிக்கும். ஆயினும் தேகத்திற்கு வேண்டிய ஜீவசத்துக்கள் யாவும் அவற்றில் இல்லை. அக்குறையை நிரப்பும் பொருள்கள் பல காட்டில் கிடைக்கின்றன.

1939-40ஆம் ஆண்டில், அப்போது பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்ததும் இப்போது ஹரியானாவில் உள்ளதுமான ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் உண்டாயிற்று. ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் ஜனங்களைப் பீடித்தது. 'ஸி' ஜீவசத்தின் குறைவே இந்நோய்க்குக் காரணம். அங்கே இதற்கு மருந்தாக உதவியது நெல்லிக்காய். ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைவிட அச்சத்து இதில் பல மடங்கு அதிகம். காயை வற்றலாக்கினாலும் கணிசமான பகுதி அழியாமல் நிற்கிறது. இம்மரம் தமிழ்நாட்டு மலைக்காடுகளில் தானாகவே வளர்கிறது.

பஞ்ச காலத்தில் பசியைத் தணிக்கவும் காடு உதவும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர், காடர் முதலியோர் காட்டு வள்ளிக்கிழங்குகளைத் தொன்றுதொட்டு உண்டு வருகின்றனர். மழை பொய்த்துக் கொல்லைப் பயிர் கருகினும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு எளிதில் கெடுவதில்லை. எனினும் சில இனங்கள் நஞ்சுடையவை. அவற்றைச் சீவி, ஓடும் நீரில் நெடுநேரம் ஊறவைத்து, வேகவைத்த பின்னரே உண்பர். இனம் அறியாதவர்கள் காட்டுக்கிழங்கைச் சமைத்தல் ஆகாது.

இக்குதிரைக் காலி செய்வதும் காப்பதும் பொருளை எடுக்கும் முறையைப் பொறுத்தவை. கிழங்கைத் தோண்டும்போது கொடியோடு கூடிய தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண்ணால் மூட வேண்டும். அடுத்த மழையில் அது மீண்டும் தழைக்கும். நெல்லிக்காய்க்காகக் கிளையை வெட்டினால் ஒரு நாளின் சௌகரியத்திற்காகப் பல ஆண்டுகளின் காய் நஷ்டமாகும். தேனெடுக்கும்போது புழுக்கள் உள்ள அடையைத் தொடாது விட வேண்டும். தேனீ குறைந்தால் தோட்டத்துப் பூசணியும் வெள்ளரியும் சரிவரக் காய் பிடியா.

காட்டுப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை வனவாசிகளுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்துள்ளது. மற்றவர்கள் அனுமதியின்றிக் காட்டில் எதையும் எடுத்தல் கூடாது. சமவெளி விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே அம்மரங்களை வளர்ப்பது உத்தமம். வேலியோரத்தில் இரண்டு நெல்லி ஒட்டுக்கன்றுகளும் ஒரு முருங்கைப் போத்தும் நட்டால் போதும். ஒட்டுக்கன்று விதைக்கன்றைவிட விரைவில் காய்க்கும். முருங்கைக் கீரை ஆண்டின் பெரும்பகுதியும் கிடைக்கும். குழந்தைகளின் உணவில் தானியத்தோடு இவையும் சேருமாயின், அவர்களுக்கு வயிறும் நிறையும், தேகமும் வலுக்கும்.