மூன்று வழிகள், ஒரு கையெழுத்து

ஜெர்ரி டார்க்கேனியன் 1973-ல் லாங் பீச்சை விட்டு லாஸ் வேகஸுக்கு, யு.என்.எல்.வி. பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் வருவதற்கு முன்பே, 1972 கடைசியிலேயே, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்த அணியைத் துருவத் தொடங்கிவிட்டது என்பது நினைவிருக்கும்.

இந்த வாரம் 1991-ல் வெளிவந்த வெந்நீர்த் தொட்டிப் புகைப்படத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் டார்க்கேனியன் வழக்கின் 1988 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறுபடி புரட்டியபோது ஒரு பத்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

முதலில் கதைச் சுருக்கம். 1976-ல் என்.சி.ஏ.ஏ. குற்றச்சாட்டுகளை அனுப்பியது. பல்கலைக்கழகம் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தையும் தனியார் வக்கீல்களையும் வைத்து விசாரித்தது. கட்டுக்கட்டாக ஆவணங்களையும் சத்தியப் பிரமாணங்களையும் இணைத்து, டார்க்கேனியன் முற்றிலும் நிரபராதி என்று பதில் கொடுத்தது. என்.சி.ஏ.ஏ.வின் விதிமீறல் கமிட்டி நான்கு நாள் விசாரித்தது. பல குற்றச்சாட்டுகள் நிற்காது என்று அதுவே தள்ளிவிட, மிஞ்சியவை 38. அதில் 10 டார்க்கேனியன் பெயரில். 1977-ல் அணி தேசிய அரையிறுதிவரை போன அதே ஆண்டு, ஆகஸ்டில் தண்டனை வந்தது. அணிக்கு இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு. பயிற்சியாளரை இரண்டு ஆண்டு விலக்கிவைக்க வேண்டும். மறுத்தால் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் தண்டனை.

இப்போது அந்தப் பத்தி. துணைத் தலைவர் தலைமையில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு விசாரணை நடந்தது. என்.சி.ஏ.ஏ.வின் முடிவுகளைச் சந்தேகிக்க இடமிருக்கிறது என்று கண்ட அவர், பல்கலைக்கழகத் தலைவருக்கு மூன்று வழிகளை எழுதி வைத்தார். ஒன்று, உத்தரவை நிராகரித்து இன்னும் பெரிய தண்டனைக்குத் தயாராவது. இரண்டு, என்.சி.ஏ.ஏ. செய்தது தப்பு என்று நம்பினாலும், கடைசி வார்த்தை அவர்களுடையது என்று ஏற்றுக்கொண்டு டார்க்கேனியனைப் பதவியிலிருந்து மாற்றுவது. மூன்று, அநியாயம் என்று கருதும் தீர்ப்பை நிறைவேற்ற மாட்டோம் என்று என்.சி.ஏ.ஏ.வை விட்டே வெளியேறுவது.

தலைவர் இரண்டாவதில் கையெழுத்திட்டார்.

தெரிந்தே விதியை மீறினார் என்று ஊரெல்லாம் தூற்றப்பட்ட மனிதர் டார்க்கேனியன். அவரை விலக்கியவர்கள் அந்தக் குற்றத்தை நம்பி விலக்கவில்லை. லாஸ் வேகஸில் எல்லாமே சுத்தம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ‘தெரிந்தே’ என்ற பழிக்கு ஆதாரத்தை முதலில் காட்டியாக வேண்டும். 1977-ல் காட்டியது போதாது என்பதே என் வாதம்.

விலக்கல் அமலாவதற்கு முந்தின நாள் டார்க்கேனியன் நீதிமன்றம் போனார், தடை உத்தரவு வாங்கினார். வாயில் ஈரத் துண்டைக் கடித்தபடி பழையபடி ஆட்டக்களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தத் துண்டுக்கும் ஒரு கதை உண்டு. 1960-ல் ரெட்லாண்ட்ஸ் பள்ளி அணிக்குப் பயிற்சி தந்தபோது, புழுக்கமான அரங்கில் வாய் உலர்ந்து தண்ணீர்க் குழாய்க்கு நடந்து நடந்து அலுத்துப்போய், துண்டை நனைத்துக்கொண்டு வந்து சப்ப ஆரம்பித்தாராம். அணி ஜெயித்தது, பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வழக்கு 1988-ல் உச்ச நீதிமன்றம்வரை போனது; அங்கே 5-க்கு 4 என்று தோற்றார். என்.சி.ஏ.ஏ. தனியார் அமைப்பு, அரசியல் சாசனத்தின் நியாயமான நடைமுறை விதி அதைக் கட்டுப்படுத்தாது என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். பிடிக்காவிட்டால் பல்கலைக்கழகம் வெளியேறியிருக்கலாமே என்பதும் அவர் தரப்பு. மூன்றாவது வழி வெறும் காகிதத்தில் இருந்த வழி என்பது கல்லூரி விளையாட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். வெளியேறிய அணி யாரோடு ஆடும்?

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் ஒயிட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், பிறகு தொழில்முறை ஆட்டக்காரர். 1984-ல் டி.வி. ஒளிபரப்பு உரிமை வழக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு ஆதரவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவரே. ஆகவே அந்த அமைப்பின் எதிரி என்று அவரை யாரும் ஒதுக்க முடியாது. அவரே, அரசுப் பல்கலைக்கழகமும் என்.சி.ஏ.ஏ.வும் கைகோத்துச் செய்த காரியம் இது, ஆகவே சாசனம் இதற்கும் பொருந்தும் என்றார். ஓகானர், பிரென்னன், மார்ஷல் மூவரும் அவரோடு நின்றார்கள்.

1990-ல் இதே அணி இறுதிப் போட்டியில் டியூக்கை 103-73 என்று வீழ்த்தியது. 1998-ல் என்.சி.ஏ.ஏ. டார்க்கேனியனுக்கு 25 லட்சம் டாலர் கொடுத்து, அவர் பின்னர் தொடுத்த வேறொரு வழக்கை முடித்துக்கொண்டது. இடையில் வந்ததுதான் அந்தப் புகைப்படம்: மூன்று ஆட்டக்காரர்கள், கூடவே பந்தய மோசடியில் தண்டனை பெற்ற ஒருவர். இந்த அணிக்காக வாதாடுகிறவர்களுக்கு மிகக் கடினமான இடம் அது. அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குகிறேன்.