சர்வர் இயங்க மறுக்கும்போது



கட்டிலுக்கும், மருந்துக்கும், ஏழை நோயாளியின் ஆபரேஷனுக்கும் காணிக்கை கொடுப்பதன் அவசியம் எல்லாருக்கும் விளங்கும். கம்ப்யூட்டர் அறைக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று சபையில் யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வியே. அந்த அறையிலுள்ள சர்வர் ஒரு நாள் இயங்க மறுத்தால் என்ன நடக்கிறது, அதை எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதை விளக்கினால், பதில் தானாகவே கிடைத்துவிடும்.

சர்வர் என்பது மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் கேட்டு வாங்கும் தகவல்களை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர். 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாகப் பொருத்தப்படுவதால் இதை ரேக் சர்வர் என்கிறார்கள். உயரத்தை 'யு' என்ற அளவில் சொல்லுவார்கள். ஒரு யு என்பது ஒன்றேமுக்கால் அங்குலம். இத்தனை தட்டையான பெட்டிக்குள்தான் ஓ.பி. சீட்டு விவரம், லேப் முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், மருந்து இருப்பு எல்லாம் இருக்கின்றன. ஒரு நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று மூன்று வருடத்திற்கு முன் ஒரு டாக்டர் பதிந்து வைத்த குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. சர்வர் நின்றால் அந்தக் குறிப்பு இன்றைய டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது.

ஆகையால் முதல் வேலை கம்ப்யூட்டர் அறையில் அல்ல, வார்டில். சர்வர் நின்றுவிட்டது என்று தெரிந்தவுடன் எல்லா வார்டுகளுக்கும் சொல்லி, காகிதப் படிவங்களுக்கு மாறவேண்டும். மருந்து கொடுக்குமுன் ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் மறுபடியும் கேட்கவேண்டும். அதன்பிறகே பெட்டியின் பக்கம் போகவேண்டும்.

இனி, மின்சாரம் சர்வருக்கு வரும் வழியைப் பார்ப்போம். மெயின் லைன் அல்லது ஜெனரேட்டரிலிருந்து யு.பி.எஸ்.; யு.பி.எஸ்.ஸிலிருந்து ரேக்கிலுள்ள பிளக் வரிசை, அதிலிருந்து ஒயர், ஒயரிலிருந்து சர்வரின் பின்புறமுள்ள பவர் சப்ளை, கடைசியாக உள்ளேயிருக்கும் மதர்போர்டு. வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் மோட்டார் கொட்டகையிலிருந்து வாய்க்கால் வழியாக நடந்து பார்ப்போமல்லவா? அதே ஒழுங்கு இங்கேயும் தேவை. வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

முதலாவது, சர்வர் உண்மையாகவே நின்றிருக்கிறதா? திரை கறுப்பாயிருப்பதால் மட்டும் அப்படிச் சொல்லிவிடக்கூடாது. மின்விசிறிச் சத்தம் கேட்கிறதா, முன்புற விளக்கு எரிகிறதா என்று பார்க்கவேண்டும். சத்தமும் விளக்கும் இருந்தால் கோளாறு திரையிலோ நெட்வொர்க்கிலோ இருக்கலாம்.

இரண்டாவது, பின்புறத்திலுள்ள சிறு விளக்கு. சர்வர் இயங்காத நேரத்திலும், பிளக்கில் மின்சாரம் இருந்தால் உள்ளே கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். சர்வரைக் கண்காணிக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர் அதில் விழித்திருக்கும். பவர் சப்ளையில் எந்த விளக்கும் இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு வெளியே. விளக்கு இருந்தும் இயங்கவில்லையென்றால் உள்ளே தேடவேண்டும். இந்த ஒரு விளக்கைப் பார்ப்பதால் பாதி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது, வெளியே தேடுவது. யு.பி.எஸ். ஓடுகிறதா? சுவரிலுள்ள எம்.சி.பி. விழுந்திருக்கிறதா? பிளக் நன்றாக அழுந்தியிருக்கிறதா? சந்தேகமுள்ள பிளக்கில் நல்ல மேசை விளக்கு ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். நன்றாக வேலை செய்யும் ஒயரை மாற்றிப் பார்க்கலாம். யு.பி.எஸ். பேட்டரி தளர்ந்திருந்தால், சும்மாயிருக்கும்போது எல்லாம் சரியென்று காட்டும். மெயின் லைன் போய், பாரம் முழுவதும் பேட்டரிமேல் விழுகிற நேரத்தில் கைவிட்டுவிடும்.

நான்காவது, சர்வரை ஓயவிடுவது. மின்னழுத்தம் திடீரென்று ஏறியிறங்கும்போது பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அடைத்துக்கொள்வதுண்டு. எல்லா ஒயர்களையும் பிடுங்கி, பவர் பொத்தானைச் சுமார் 20 விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். சில நிமிடம் கழித்து ஒயரைச் செருகி, இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்து பொத்தானை அழுத்தவேண்டும். கண்காணிப்புக் கம்ப்யூட்டர் விழிக்கும் முன் அழுத்தினால் பல சர்வர்கள் செவிகொடுக்காது. கரண்ட் திரும்பியதும் தானாக ஓடத்தொடங்காமல், ஒருவர் அழுத்தும்வரை நின்றே இருக்கும்படி அமைக்கப்பட்ட சர்வர்களும் உண்டு. அவற்றில் கோளாறே இல்லை.

ஐந்தாவது, பவர் சப்ளைகள். நல்ல ரேக் சர்வரில் இவை இரண்டு இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஒவ்வொன்றாக மட்டும் இணைத்துப் பார்த்தால் பழுதானது எது என்று தெரியவரும். செம்மஞ்சள் விளக்கு பெரும்பாலும் பழுதைக் காட்டும். புதிதாக வாங்கும்போது அதே வகை, அதே வாட் அளவு வாங்கவேண்டும். பொருந்தாத ஜோடியைப் பல சர்வர்கள் ஏற்றுக்கொள்ளாது.

இதற்குமேல் பயிற்சி பெற்றவரே மூடியைத் திறக்கவேண்டும். அதுவும் எல்லா ஒயரையும் பிடுங்கியபிறகு. கடைசியாகச் சேர்த்த பாகத்தை முதலில் கழற்றுவார். பிறகு ஒரு பிராசசர், ஒரு மெமரி மட்டும் வைத்துப் பார்ப்பார். அப்போது இயங்கினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போது குற்றவாளி அகப்படும்.

செய்யக்கூடாதவை மூன்று. எரிந்த வாடை வந்தால் மறுபடி பிளக்கில் செருகக்கூடாது. ஹார்டு டிஸ்குகளைப் பிடுங்கி இடம் மாற்றக்கூடாது. மின்சாரக் கோளாறைத் தேடப்போய் நோயாளிகளின் பதிவுகளையே இழக்க நேரிடும். சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

இப்போது காணிக்கையைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இரண்டு பவர் சப்ளை இருந்தும், இரண்டு ஒயரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகினால், அந்த யு.பி.எஸ். நிற்கும்போது இரண்டும் நிற்கும். தனித்தனி லைனில், தனித்தனி யு.பி.எஸ்.ஸில் இணைத்தால்தான் இரண்டு என்பதற்குப் பொருள் உண்டு. யு.பி.எஸ்.ஸிலுள்ள லெட்-ஆசிட் பேட்டரிகளைச் சாதாரணமாக 3 முதல் 5 வருடத்திற்குள் மாற்றவேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்திற்கும் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே அந்த அறைக்கு ஏ.சி. ஆடம்பரமல்ல. எர்த் குழி கோடையில் காய்ந்துபோகாமல் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். அலமாரியில் ஒரு பவர் சப்ளையும் இரண்டு ஒயரும் கையிருப்பாக இருக்கவேண்டும். பதிவுகளின் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும்.

இவற்றில் எதன்மேலும் நன்கொடையாளர் பெயரைப் பொறித்த கல்லை வைக்கமுடியாது. பேட்டரியைத் திறந்துவைக்க யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனாலும் தீவட்டியோடுகூட எண்ணெயும் எடுத்துச் சென்ற கன்னிகைகளின் புத்தி நமக்குத் தெரிந்ததே. சர்வர் தீவட்டியென்றால், பேட்டரியும் எர்த்தும் கையிருப்புப் பாகமும் அதன் எண்ணெய். புதுக் கருவி வாங்கக் கொடுப்பதுபோலவே, இருக்கிற கருவி அணையாமலிருக்கவும் கொடுக்கும்படி உங்களை அன்போடு வேண்டிக்கொள்ளுகிறோம்.

ஜெபக் குறிப்புகள்:

1. இரவும் பகலும் கருவிகளைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன்கள், கம்ப்யூட்டர் ஊழியர்களின் பாதுகாப்பிற்காகவும் ஞானத்திற்காகவும்.

2. கருவிகள் நின்றுபோகும் நேரத்திலும் நோயாளிகளைப் பதற்றமில்லாமல் கவனிக்கும் நர்ஸ்களின் பெலத்திற்காக.

3. வெளியே தெரியாத தேவைகளுக்காக மனமுவந்து கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துவோம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.