குளமும் நிலவும் சந்தையும்: ஸ்ரைக்கனின் ஒளிப்படம் பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படம் கலையாகுமா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டிற் பெரிதும் விவாதிக்கப்பட்டதாகும். அந்தியும் நீரும் பனிமூட்டமும் அமைந்த இயற்கைக் காட்சிகள் அவ்விவாதத்தின் முக்கிய களங்களுள் ஒன்றாயின. இதற்குரிய சமூகக் காரணத்தை, எட்வேர்ட் ஸ்ரைக்கன் 1904இல் நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள மமரொனெக்கில் எடுத்த ‘குளம் – நிலவொளி’ என்னும் படத்தைக் கொண்டு விளக்கலாம்.

இருள் கவியும் வேளை. மரங்களினூடே தாழ்வாய்த் தோன்றும் நிலவு. அதன் ஒளி குளத்து நீரில் வீழ்கின்றது. மனிதர் எவருமிலர். வீடோ வேலியோ பாதையோ தென்படவில்லை. அந்தி, விவரங்களைக் கரைத்துவிடுகின்றது.

இக்கரைவு எக்காலகட்டத்திற் கலைப்பண்பாக மதிக்கப்பட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது. 1888இல் ஈஸ்ற்மனின் கொடக் கருவி சந்தைக்கு வந்தது. 1900இல் பிரௌனிக் கருவி ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. ஒளிப்படம் பலருக்கும் எட்டும் பொருளாயிற்று. இந்நிலையில், 1902இல் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் தொடக்கிய ‘ஒளிப்படப் பிரிவினை’க் குழுவில் ஸ்ரைக்கனும் இணைந்தார். கருவியின் துல்லியத்திலிருந்து விலகி, மங்கலையும் கைவண்ணத்தையும் நாடுவது இவ்வியக்கத்தாரிடையே மேலோங்கியிருந்த போக்காகும்.

வண்ண ஒளிப்படத் தகடுகள் விற்பனைக்கு வந்தது 1907இலேயாம். எனவே இப்படத்தின் நீலமும் பசுமையும் கையாற் சேர்க்கப்பட்டவை. அக்காலத்துப் பசைமுறையில், வண்ணப்பொடியும் பிசினும் ஒளியுணர் உப்பும் கலந்த குழம்பு தாளிற் பூசப்படும். ஒளிபட்ட பகுதி இறுகும். ஏனையது நீரிற் கழுவப்படும். இதனைப் பன்முறை செய்தல் வேண்டும். ஸ்ரைக்கன் இளமையில் மில்வோக்கி நகரின் கல்லச்சு நிறுவனமொன்றிற் பயிற்சி பெற்றவர் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். கலைஞனின் கைக்குப் பின்னால் அச்சகத் தொழிலாளியின் கையும் இருந்தது எனலாம்.

இப்படத்தின் மூன்று பிரதிகளே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகம் விற்ற ஒன்று, 2006இல் நியூயோர்க் ஏலத்தில் 29 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அந்நாள்வரை ஏலத்தில் எந்த ஒளிப்படமும் அத்துணை விலை பெற்றதில்லை. இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை மங்கச் செய்கின்றது என வால்ரர் பென்யமின் 1936இல் வாதிட்டார். இங்கு நிகழ்ந்ததோ அதன் மறுதலை. பெருக்கவல்ல கலையொன்று உழைப்பினால் அரிதாக்கப்பட்டது; அவ்வருமையைப் பிற்காலச் சந்தை விலையாக மாற்றியது.

இத்தகைய படங்களைத் தூய அழகெனப் போற்றுவோர் அவற்றின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். முற்போக்காளர் சிலரோ, மனிதரில்லாக் காட்சி என்பதனாலேயே, இவற்றைத் தப்பியோடும் கலையெனத் தள்ளிவிடுகின்றனர். இரண்டாவது நோக்கும் குறையுடையதே. காட்சியில் இல்லாத உழைப்பு தாளின் படலங்களில் உறைந்திருக்கின்றது. உள்ளடக்கத்தை மட்டும் தேடும் விமர்சனம் அதனைக் காணத் தவறும்.

ஸ்ரைக்கனே 1923 முதல் கொண்டே நாஸ்ற் நிறுவனத்தின் சஞ்சிகைகளுக்குப் படமெடுக்கலானார். பிரதிகள் அரியவையாய் அமைந்த கலையிலிருந்து இலட்சக்கணக்கில் அச்சாகும் பக்கங்களுக்கு அவர் சென்றமை, இவ்விரண்டும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு முகங்கள் என்பதைப் புலப்படுத்துகின்றது. குளத்தின் அழகு பொய்யன்று. அவ்வழகு எவ்வாறு ஆக்கப்பட்டது, யாருடைய உடைமையாயிற்று என வினவுவதே விமர்சனத்தின் பணியாகும்.