குஞ்சுகளின் குருதிச் சோகை

உயிர்களின் உடல்நலத்திற்கு அடிப்படையாய் நிற்பது குருதி. உண்ட உணவின் சத்தையும் உயிர்ப்புக்கு வேண்டிய காற்றையும் உடலெங்கும் கொண்டு செலுத்துவது அதுவே. குருதியிலுள்ள சிவப்பணுக்கள் குறையுமாயின் உடல் வெளுக்கும், ஊக்கம் குன்றும். இந்நிலையைச் சோகை என்பர். மக்களுக்கு உணவுக் குறைவாலும் பிற காரணங்களாலும் சோகை உண்டாகும். கோழிக்குஞ்சுகட்கோ வைரசு எனப்படும் நச்சுயிர் ஒன்றாலும் இந்நோய் வருகின்றது.

இந்நச்சுயிரை முதன்முதல் பிரித்தெடுத்தவர்கள் ஜப்பான் நாட்டு அறிஞராகிய யுவாசாவும் அவர்தம் தோழரும் ஆவர். 1979-ஆம் ஆண்டில் அவர்கள் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மேரக் என்னும் கோழி நோயைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்ட மருந்திலேயே இந்நச்சுயிர் கலந்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று அது. இன்று கோழிவளர்ப்பு மிக்க நாடுகள் பலவற்றிலும் இது காணப்படுகின்றது. ஒரு மில்லிமீட்டரை 40,000 கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே இதன் அளவு. ஆயினும் இச்சிற்றுயிர் விளைக்கும் கேடு பெரிது.

குருதியணுக்கள் பிறக்குமிடம் எலும்பின் உள்ளேயுள்ள மச்சை. நோய்களை எதிர்க்கும் அணுக்களுள் ஒருவகை பயிற்சி பெறுமிடம் கழுத்தின் இருமருங்கும் அமைந்துள்ள தைமசுச் சுரப்பி. நச்சுயிர் இவ்விரண்டையும் தாக்குகின்றது. முதிர்ந்த அணுக்களை விட்டு, அவற்றைத் தோற்றுவிக்கும் இளம் அணுக்களையே இது அழிக்கின்றது. ஊற்றுக்கண்ணைத் தூர்த்தால் கிணறு வற்றுவது போல, குருதியும் எதிர்ப்பாற்றலும் ஒருங்கே குறைகின்றன.

முட்டை வழியாக இந்நோயைப் பெற்ற குஞ்சு, பிறந்த இரண்டாம் வாரத்தில் சோர்ந்து ஒடுங்கும், இரை கொள்ளாது, கொண்டையும் முகமும் வெளுக்கும். தோலின் கீழும் தசையிலும் குருதி கசியும். சிறகுகள் கன்றி நீலம் பாய்வதும் உண்டு. இறந்த குஞ்சின் எலும்பைப் பிளந்து நோக்கின், செந்நிறமாய் இருக்கவேண்டிய மச்சை வெளிறி மஞ்சள் நிறமாய்த் தோன்றும். நூற்றுக்குப் பத்து அளவில் குஞ்சுகள் இறப்பதுண்டு. வேறு நோய்களும் சேருமாயின் இத்தொகை மிகும்.

இரண்டு வாரம் கடந்த குஞ்சுகளை நச்சுயிர் பற்றினால் சோகை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. அதனால் அவை நலமாயுள்ளன என்று எண்ணுதல் தவறு. உள்ளே எதிர்ப்பாற்றல் தளர்ந்துவிடும். பிற நோய்கள் எளிதிற் புகும். அவற்றிற்கென இடும் தடுப்பு மருந்தும் முழுப்பயன் தராது. காவலர் உறங்கிய கோட்டையின் மதில் எத்துணை உயரமாயினும் பயன் யாது? வளர்ப்போர் காரணம் அறியாது இழப்பெய்துவது இதனாலேயாம்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. இந்நச்சுயிர் 70 பாகை வெப்பத்திலும் ஒரு மணி நேரம் அழியாது நிற்கும். ஈதர், குளோரோபாரம் ஆகியவற்றாலும் அழியாது. ஆகவே கொட்டிலைத் துப்புரவாக வைத்திருத்தல் இன்றியமையாதது எனினும், அது மட்டும் போதாது.

உண்மையான காப்பு தாய்க்கோழியிடமே உள்ளது. முட்டையிடும் காலத்தில் முதன்முறையாக இந்நச்சுயிரைப் பெறும் கோழி, தான் எவ்வகை நோய்க்குறியும் காட்டாமலே, முட்டை வழியாக அதனைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகின்றது. அதற்கு முன்பே எதிர்ப்பாற்றல் பெற்ற கோழியோ, அவ்வாற்றலை மஞ்சட்கரு வழியாகக் குஞ்சுக்கு வழங்குகின்றது. அக்காப்பு ஏறத்தாழ மூன்று வாரம் நிலைத்து, குஞ்சு மிக மெலிந்திருக்கும் பருவத்தைக் கடத்திவிடுகின்றது. இதனை உணர்ந்த அறிஞர், குஞ்சு பொரிப்பதற்கான முட்டைகளை ஈனும் கோழிகட்கு, அவை முட்டையிடத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே தடுப்பு மருந்து இடச்செய்தனர். முட்டையிடும்போது இட்டால், மருந்திலுள்ள நச்சுயிரே முட்டையுள் செல்லக்கூடும். ஆதலின் காலம் அறிந்து செய்தல் வேண்டும்.

குஞ்சு நோயுற்றபின் வருந்துவதினும், அது முட்டையினுள் உருவாகு முன்பே தாயைப் பேணுதல் அறிவுடைமை. வருமுன் காத்தலின் சிறப்பை இச்சிற்றுயிரின் வரலாறு நன்கு விளக்குகின்றது.