தொலைநிலைக் கல்வியும் தொழில்சார் முனைவர் பட்டமும்: தென்காசி வட்டாரப் பணியாளர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பணியில் இருந்துகொண்டே சமூக அறிவியலில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் தொலைநிலைப் பதிவையும் பகுதிநேரப் பதிவையும் ஒன்றெனக் கருதினால் பொருளையும் காலத்தையும் இழக்க நேரும். இவ்விரண்டின் வேறுபாட்டையும், தொழில்சார் முனைவர் பட்டத்தின் இயல்புகளைப் பகுதிநேர ஆய்வில் கைக்கொள்ளும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழில்சார் முனைவர் பட்டம், தொலைநிலைக் கல்வி, பகுதிநேர ஆய்வு, தென்காசி.

முன்னுரை

2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. 1964இல் தொடங்கப்பெற்ற குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இவ்வட்டாரப் பெண்களின் உயர்கல்விக்குத் துணைநின்று வருகிறது. ஆய்வுப் பதிவிற்கோ, அபிசேகப்பட்டியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையே பலரும் நாடுகின்றனர். முதுகலை முடித்துப் பணியில் அமர்ந்த ஆசிரியருக்கும் சமூகப் பணியாளருக்கும் இச்சூழலில் ‘வீட்டிலிருந்தே முனைவர் பட்டம்’ என்னும் விளம்பரம் எளிய வழியாகத் தோன்றுவது இயல்பே.

தொழில்சார் முனைவர் பட்டத்தின் இயல்பு

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920களின் தொடக்கத்திலும், பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1992இலும் கல்வியியலில் இவ்வகைப் பட்டத்தை அறிமுகப்படுத்தின. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதனைத் தொலைநிலையில் வழங்கியுள்ளது. வழக்கமான முனைவர் பட்ட ஆய்வு, துறையறிவில் உள்ள இடைவெளியிலிருந்து தொடங்குகிறது. தொழில்சார் ஆய்வோ பணிக்களத்தில் எழும் சிக்கலிலிருந்து தொடங்குகிறது. பணியிடமே ஆய்வுக்களமாதலின், ஆய்வாளர் ஊரைவிட்டு அகலவேண்டிய தேவை குறைகிறது.

இந்திய நெறிமுறைகள்

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை தொலைநிலை முனைவர் பட்டத்தை விலக்கியது. 2022 நவம்பரில் வெளியான நெறிமுறை இணையவழிப் பட்டத்தையும் சேர்த்து விலக்கியது. அதற்கு முந்தைய மாதமே, வெளிநாட்டு நிறுவனங்களுடன் இணைந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் இணையவழி முனைவர் பட்டங்கள் ஏற்கப்படா என மானியக்குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக எச்சரித்தன. எனவே, அயல்நாட்டில் மதிப்புடைய ஒரு பட்டம் இங்கு ஆசிரியப் பணிக்குப் பயன்படும் எனக் கொள்வதற்கில்லை.

பகுதிநேரப் பதிவு ஏற்கப்பட்டதே. ஆயின் அது வருகையின்றிப் பெறும் பட்டமன்று. 12 தரமதிப்புகளுக்குக் குறையாத பாடநெறியை முடித்தல் வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள் ஆய்வு செய்தல் வேண்டும். பணியளிப்பவரின் தடையின்மைச் சான்று, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதையும், தேவையெனில் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப்பேராசிரியர் 6 பேரையும், உதவிப்பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே நெறிப்படுத்தலாம். ஆகவே, தென்காசிப் பணியாளருக்குப் பயணத் தொலைவைக் காட்டிலும் விடுப்பும் நெறியாளர் இடமுமே பெருந்தடைகள் எனலாம்.

பணிக்களமே ஆய்வுக்களமாதல்

பீடி சுற்றும் தொழில் பரவியுள்ள ஆலங்குளம், கடையநல்லூர் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், அக்குடும்பங்களைச் சேர்ந்த மாணவியரின் பள்ளி வருகையை ஆராய்வதாகக் கொள்வோம். வெளியிலிருந்து வருபவர் பல மாதங்களில் பெறும் அறிமுகம் அவருக்கு முன்பே உண்டு. ஆனால் மதிப்பெண் இடும் கையே வினாநிரலையும் நீட்டும்போது, மாணவியின் விடையும் தாயின் ஒப்புதலும் முழு விருப்பத்தின்பாற்பட்டவைதாமா என்னும் ஐயம் எழுகிறது. குற்றாலத்தில் சாரல் பருவத் துப்புரவுப் பணியை ஆராயும் மேற்பார்வையாளருக்கும் இது பொருந்தும். நேர்காணலைப் பிறரைக் கொண்டு நடத்துதல், தாம் பணிபுரியாத பள்ளியையும் களமாகச் சேர்த்தல், தம் பதவிநிலையை ஆய்வேட்டில் வெளிப்படையாகப் பதிதல் ஆகியன இதற்குரிய வழிகளாம். இவற்றைப் பின்பற்றப் புதிய பட்டப்பெயர் தேவையில்லை. பகுதிநேர ஆய்வேட்டின் ஆய்வுமுறையியல் இயலிலேயே இடமளிக்கலாம்.

முடிவுரை

இந்தியாவில் தொலைநிலை முனைவர் பட்டத்திற்கு ஏற்பில்லை; பகுதிநேர ஆய்வுக்கு ஏற்புண்டு. கட்டணம் செலுத்துமுன் பதிவு எவ்வகையது என்பதை ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடமே எழுத்து வடிவில் பெறுதல் நன்று. தகுதிவாய்ந்த நெறியாளரும் வசதியும் உள்ள முதுகலைக் கல்லூரிகள் முனைவர் பட்ட ஆய்வை நடத்த 2022 நெறிமுறை இடந்தருகிறது. இவ்வட்டாரக் கல்லூரிகளில் சமூக அறிவியல் ஆய்வு மையங்கள் பெருகுமாயின், தொலைநிலைக் கல்வி தருவதாகச் சொல்லும் அண்மையை முறையான ஆய்வே தரவியலும்.