கொஞ்சம் எரியும்

நான் அரசியல் அறிஞர் அல்ல, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். ஆகவே வார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2016 ஜூன் 24 காலை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகவேண்டும் என்று 51.9 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது ஒரு முதியவர் கோபமே இல்லாமல் கேட்டார்: “இனி எப்போது ஊருக்குப் போவாய்?” நான் ஐரோப்பாக்காரி அல்ல, நாகர்கோவில்காரி என்றேன். அவர் விலகலுக்கு வாக்களித்த காரணம்தான் என்னை உலுக்கியது. ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும், நர்சுகள் அதிகமாக வருவார்கள் என்று நம்பியிருந்தார்.

அது பிரச்சாரத்தின் சிவப்புப் பேருந்தில் எழுதியிருந்த பேச்சு. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. நாட்டின் புள்ளியியல் ஆணையமே அதைக் கண்டித்தது.

‘நல்லவர்களான மக்கள் நாம், நம்மை ஏய்க்கும் மேலிடம் அவர்கள்’ என்று பிரிக்கும் பேச்சை வெகுஜனவாதம் என்கிறோம். நம்பிக்கை தரும் பேச்சு அதற்கு நேர் எதிர் என்றும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி இல்லை. ஒன்றியத்தில் நீடிக்கச் சொன்ன அரசு, விலகினால் 2030-க்குள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்று பயம் காட்டியது. போரிஸ் ஜான்சனோ ஜூன் 21 அன்று வெம்ப்ளி விவாதத்தில், அவர்கள் பயத்தைத் தருகிறார்கள், நாங்கள் நம்பிக்கையைத் தருகிறோம் என்றார். வியாழக்கிழமை நம் சுதந்திர நாள் ஆகலாம் என்று முடித்தார். எதிரியும் விடியலும் ஒரே மூச்சில்!

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? டிப்ளமோ படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித்தந்தது: நோயாளியிடம் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லாதே. எரியுமென்றால் எரியும் என்று சொல், எவ்வளவு நேரம் என்று சொல், அவர் என்ன செய்யவேண்டும் என்று சொல்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது வங்கிகள் வரிசையாக மூடிக்கிடந்தன. பயத்தைத் தவிர நாம் பயப்பட வேறொன்றும் இல்லை என்ற அவரது வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் காசுக்காரர்கள் ஆலயத்தை விட்டு ஓடிவிட்டார்கள் என்றும் சொன்னார். வேதம் வாசிப்பவர்களுக்கு அந்தச் சவுக்கு உடனே தெரியும். அதுவும் வெகுஜனவாதம்தான். ஆனால் எட்டு நாள் கழித்து வானொலியில் பேசினார். நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டிவைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். எல்லா வங்கியும் திறக்கும் என்றோ யாருக்கும் நஷ்டம் வராது என்றோ வாக்குத் தரவில்லை. மெத்தைக்கடியில் வைப்பதைவிட, திறந்த வங்கியில் போடுவது பத்திரம் என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. மக்கள் பணத்தைத் திரும்பப் போட வரிசையில் நின்றார்கள்.

அதே ரூஸ்வெல்ட் 1936 தேர்தலுக்குச் சில நாள் முன்பு நியூயார்க்கில், பெரும்பணக்காரர்கள் என்னை வெறுப்பதில் ஒற்றுமையாக இருக்கிறார்கள், அந்த வெறுப்பை வரவேற்கிறேன் என்றார். அங்கே எரியும் என்ற எச்சரிக்கை இல்லை, கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே. அந்தப் பதிவை நான் கேட்டிருக்கிறேன். என் கையும் தட்டத்தான் எழுந்தது.